தாத்தாவைக் காணோம்

போனை எடுத்தது கிபாயத்துல்லா. எடுத்த எடுப்பிலேயே மறுமுனை விம்மியது.

"தாத்தாவைக் காணோம் சார்! காலையில வந்து பார்த்தா ஆளே இல்ல!"

காணாமல் போனவர்களைத் தேடுவதுதான் ஜெரூஷா புலனாய்வு நிலையத்தின் அன்றாடப் பிழைப்பு. எனவே அவன் பதறவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டான்.

"வயசு?"

"ரொம்ப வயசுங்க. கூடப் பிறந்தவங்க எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. ஆனா பார்த்தா சின்னப் பையன் மாதிரி இருப்பாரு. சக்கரத்துல ஏறினா இறங்கவே மாட்டாரு."

"இந்த வயசுல சைக்கிளா? பலே! கடைசியா இன்னா டிரெஸ் போட்டிருந்தாரு?"

"டிரெஸ்ஸா? டிரெஸ் எல்லாம் போடுறதில்லையே."

பேனா நின்றது.

"அடையாளம் எதுனா?"

"கறுப்பு. கண்ணு மினுமினுன்னு இருக்கும். வால் நீளம்."

கிபாயத்துல்லா போனைக் கையால் பொத்திக்கொண்டு உள் அறைப் பக்கம் திரும்பினான். "அக்கா! கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு பெருசு துணி இல்லாம சைக்கிள் ஓட்டிக்கினு காணாமப் போயிட்டாராம். வால் வேற கீதாம். நம்ம கேஸா, போலீஸ் கேஸா?"

ஜெரூஷா வந்து போனை வாங்கினாள். நாலு கேள்வி கேட்டாள். வைத்தாள்.

"கிளாம்பாக்கம் இல்ல, கேளம்பாக்கம். பெருசு இல்ல, எலி. வண்டியை எடு."

"எலியா? அதுக்கு நம்ம எதுக்கு அக்கா? பூனையை அனுப்புனாப் போதுமே."

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். கீழே பன் வேகும் வாசனை, மேலே பிறத்தியார் குடும்ப ரகசியங்கள். ஜெரூஷாவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். முன்பு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், செத்துவிட்டதாகச் சான்றிதழ் வாங்கிய ஆட்களை உயிரோடு தேடிப் பிடிப்பது அவள் வேலை. அலுத்துப்போய்ச் சொந்தமாகக் கடை போட்டுவிட்டாள். கிபாயத்துல்லாவின் அத்தா தாம்பரம் மார்க்கெட்டில் மெத்தைக் கடை வைத்திருந்தார். மகன் மெத்தை தைப்பதைவிட அதில் படுத்துப் பேசுவதில்தான் கெட்டிக்காரன் என்று தெரிந்ததும், "எங்கேயாவது பேசியே பிழைச்சுக்கோ" என்று அனுப்பிவிட்டார். அவன் இங்கே வந்து சேர்ந்தான்.

பழைய கார். ஏ.சி. என்று எழுதிய பொத்தான் மட்டும் வேலை செய்யும். வண்டலூரில் திரும்பிக் கேளம்பாக்கம் ரோட்டைப் பிடிப்பதற்குள் இருவருக்கும் சட்டை நனைந்துவிட்டது.

ஆய்வகம், வரிசையாக நின்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. போனில் விம்மிய டாக்டர் ராஜகோபால் வாசலில் காத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். உடம்பில் கிளிப்பச்சை டீ ஷர்ட், காலில் வெள்ளை ஷூ, தலையில் மை டப்பாவில் முக்கி எடுத்தது போன்ற கறுப்பு.

"மூப்பைத் தள்ளிப் போடுறதுதான் எங்க ஆராய்ச்சி" என்றார் உள்ளே நடந்துகொண்டே. "நான் மருந்து செய்யறவன். கெமிஸ்ட்ரி. அதை எலித் தீனியில கலந்து பாதி எலிகளுக்குக் கொடுப்போம். மீதிப் பாதிக்குச் சாதாரணத் தீனி. எது அதிக நாள் வாழுது, எது சீக்கிரம் கூன் விழுந்து முடி கொட்டுதுன்னு பார்ப்போம். மருந்து சாப்பிட்ட கூட்டத்துலயே மூத்தவர் தாத்தா. எலிக்கு ரெண்டு ரெண்டரை வருஷம்தான் கணக்கு. இவர் மூணைத் தாண்டி நின்னாரு."

"எங்க வீட்டு ஓனர் மாதிரி" என்றான் கிபாயத்துல்லா. "போவவே மாட்டேங்கிறாரு."

"கிபாய்" என்றாள் ஜெரூஷா. அவன் வாயை மூடிக்கொண்டான்.

விலங்கு அறையில் இரும்பு அடுக்குகளில் கண்ணாடிப் பெட்டி போன்ற கூண்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் கறுப்பு எலிகள். ஜெரூஷாவும் கிபாயத்துல்லாவும் உள்ளே போனார்கள். ராஜகோபால் வாசற்படியிலேயே நின்றுகொண்டு விரலை மட்டும் உள்ளே அனுப்பினார். "அதோ, மூணாவது அடுக்கு, காலியா இருக்கு பாருங்க, அதுதான்."

"நீங்க வரலையா சார்?"

"இல்ல... எனக்கு அதுங்களோட கொஞ்சம் ஒத்துக்காது. தும்மல். இங்கேருந்தே நல்லாத் தெரியுது."

ஒரு கூண்டில் எலி ஒன்று பின்னங்காலில் எழுந்து கீச்சிட்டது. டாக்டர் ஒன்றரை அடி பின்னால் போனார். தும்மவில்லை.

"எலிங்களை யார் பார்த்துக்கிறாங்க?"

"வினிதா. என் ஆராய்ச்சி மாணவி, ஊரப்பாக்கத்துல தங்கியிருக்கா. தங்கமான பொண்ணு. அவளுக்கு அம்மை போட்டு ரெண்டு வாரத்துக்கு மேல லீவு. இப்பத்தான் வந்தா, முகமெல்லாம் தழும்பு, பாவம். அவ இல்லாதப்ப நான்தான் பார்த்துக்கிட்டேன், நீளமா ஒரு இடுக்கி வச்சுக்கிட்டு. அவமேல சந்தேகப்படாதீங்க. இது போட்டிக் கம்பெனிக்காரன் வேலை. நாளைக்கு ஹைதராபாத்துலேருந்து டாக்டர் சாஜிதா தலைமையில நிபுணர் குழு வருது, தாத்தாவைப் பார்க்க. அது பிடிக்காத எவனோ தூக்கிட்டான்."

"கதவுச் சாவி?"

"செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஆணியில தொங்கும். தண்ணி கேன் போடுறவருக்குக்கூடத் தெரியும்."

"கேமரா?"

"இருக்கு. மழைக்காலத்துல காத்து அடிச்சுத் திரும்பிடுச்சு. இப்ப வானம் மட்டும் தெரியுது."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"வேண்டாமே" என்றார் டாக்டர், கொஞ்சம் வேகமாக. "பேப்பர்ல வந்துடும்."

ஜெரூஷா தலையாட்டினாள். "ஒரு எலியைப் பார்க்க ஹைதராபாத்துலேருந்து வர்றாங்களே. அப்படி என்ன செஞ்சாரு தாத்தா?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. செல்போனில் இரண்டு படங்களைக் காட்டினார். முதல் படத்தில் சாம்பல் பூத்த ஒரு எலி. இடது காதில் வட்டமாக ஓர் ஓட்டை. எந்த எலி எது என்று தெரிய, குட்டியிலேயே போடும் அடையாளம் அது. இரண்டாவது படத்தில் பளபளவென்று கறுத்த எலி. இடது காதில் ஓட்டையே இல்லை.

"பார்த்தீங்களா? காது வளர்ந்து ஓட்டை மூடிக்கிச்சு! நரை போயிடுச்சு! மூப்பு நின்னது மட்டுமில்லம்மா, திரும்பி நடக்குது! பணம் போடுற சூர்யாங்கிறவர் நேர்ல பார்த்துட்டு அசந்துட்டாரு. அடுத்த மாசமே அவர் நடத்துற முதியோர் இல்லத்துல இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம்னு துடிக்கிறாரு."

கிபாயத்துல்லாவுக்குத் தன் மாமாவின் வழுக்கை ஞாபகம் வந்தது. "மனுஷங்களுக்கு எப்ப சார் கடையில கிடைக்கும்?" என்றான் ஆசையாக.

ஜெரூஷா மட்டும் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். முதியோர் இல்லம் என்றபோது அவள் புருவம் சுருங்கியதை அவன் கவனித்தான்.

"என்னென்ன போயிருக்கு?"

"தாத்தா மட்டும்தான். கம்ப்யூட்டர் இருக்கு. மருந்து பத்திரமா ஃப்ரிட்ஜுல இருக்கு. தீனி டப்பாவைக்கூடத் தொடலை."

கிபாயத்துல்லா காலிக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு பக்கத்துக் கூண்டை. பிறகு அதற்கடுத்ததை.

"அக்கா, பஞ்சு விஷயத்துல நான் பரம்பரை. எல்லாக் கூண்டுலயும் ஒரு மூலையில கிழிச்ச காகிதம், பஞ்செல்லாம் கீது. தாத்தா கூண்டு மட்டும் தொடைச்சு வச்ச மாதிரி கீது."

"அட, ஆமா!" என்றார் டாக்டர் வாசலிலிருந்து. "பெரிய கூடு கட்டியிருந்தாரே, கோபுரம் மாதிரி! நாலஞ்சு நாளா ராப்பகலா அதே வேலை. இந்த வயசுல என்ன சுறுசுறுப்புன்னு போட்டோகூட எடுத்தேன்."

ஜெரூஷா அந்தப் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அவள் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு மாதிரி இருந்தது. வினிதாவின் முகவரியை வழக்கம்போலக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காரில் ஏறியதும் கிபாயத்துல்லா கேட்டான். "இன்னாக்கா, எவனாவது மருந்தை விட்டுட்டுப் பஞ்சைத் தூக்கினு போவானா? எங்க அத்தா கடையிலகூட எவனும் பஞ்சு திருடுனது இல்ல."

"அதுதான் வேடிக்கை. போட்டிக்காரன்னா மருந்தை எடுத்திருப்பான். வம்புக்காரன்னா எலியைக் கொன்னுட்டுப் போயிருப்பான். இந்த ஆளு கூடு கலையாமத் தூக்கிட்டுப் போயிருக்கான். எலிக்குக் கஷ்டம் வரக்கூடாதுன்னு நினைக்கிற திருடன். ஆனா தீனியை எடுக்கலை. அப்ப எலிக்கு இப்ப எங்கேருந்து சாப்பாடு?"

"ரெண்டு அரிசியைப் போட்டாத் தின்னுட்டுப் போவுது."

"கூட்டோட தூக்கிட்டுப் போனவங்க வெறும் அரிசி போட மாட்டாங்க. எலித் தீனி விக்கிற கடை இந்தப் பக்கம் எத்தனை இருக்கும்? போன் பண்ணு."

முதல் கடைக்காரர் எலிப் பாஷாணம்தான் இருக்கிறது என்றார். இரண்டாமவர், "எலிக்குச் சோறா? வேற வேலை இல்ல?" என்று வைத்துவிட்டார். மூன்றாவது, கிழக்குத் தாம்பரத்தில் மீன் தொட்டியும் கிளிக் கூண்டும் விற்கும் சாலமோன். "இருக்கே, நேத்துகூட வித்தேனே" என்றார்.

கடையில் கால் வைக்க இடமில்லை. லவ்பேர்ட்ஸ் ஒரு பக்கம் கத்த, முயல் ஒன்று கேரட்டைக் கொறித்துக்கொண்டிருந்தது. சாலமோன் ஒரு பச்சைக்கிளியைத் தோளில் வைத்தபடியே பேசினார்.

"ஒரு பொண்ணு வந்துச்சு. முகம் பூரா அம்மைத் தழும்பு. தீனி வாங்குச்சு, தண்ணி பாட்டில் வாங்குச்சு. 'அண்ணா, சத்தா வேற என்ன கொடுக்கலாம்'னு கேட்டுச்சு. முட்டையை அவிச்சு ஒரு துளி கொடும்மான்னேன்."

கிபாயத்துல்லா தொடையில் தட்டினான். "மாட்டுச்சு! தங்கமான பொண்ணு!"

"எலியைப் பத்தி ஏன் எல்லாரும் ஒரே நேரத்துல கேக்குறீங்க?" என்றார் சாலமோன். "வருஷம் பூரா ஒருத்தரும் சீந்த மாட்டாங்க. ரெண்டு மூணு வாரம் முன்னாடி ஒரு ஆளு. கறுப்பு எலிதான் வேணும்னு ஒத்தக் காலுல நின்னாரு. கூண்டுல வெள்ளை, புள்ளி எல்லாம் கலந்து கிடக்கு, கறுப்பு ஒண்ணே ஒண்ணு. போன்ல ஏதோ போட்டோவை வச்சுப் பார்த்துப் பார்த்து, இது போதும்னாரு. ஆனா கையால தொட மாட்டேன்னுட்டாரு. ஒரு டப்பாவுல போட்டு, டேப்பு ஒட்டி, ஓட்டை போட்டுக் கொடுத்தேன். அதைக் குழந்தையோட டயப்பரைத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போனாரு."

கிபாயத்துல்லா சிரித்தான். ஜெரூஷா சிரிக்கவில்லை. தன் செல்போனை எடுத்தாள். "உங்க நம்பர் சொல்லுங்க அண்ணா. ஒரு படம் தேடி அனுப்புறேன். அந்த ஆளான்னு மட்டும் சொல்லுங்க."

மறுபடி ஜி.எஸ்.டி. ரோடு. பெருங்களத்தூரில் வண்டிகள் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நின்றன.

"எனக்குப் புரிஞ்சு போச்சு அக்கா" என்றான் கிபாயத்துல்லா ஸ்டீரிங்கில் தாளம் போட்டபடி. "அந்த ஆளு போட்டிக் கம்பெனி. டூப்ளிகேட் எலி வாங்கி மாத்தி வைக்கலாம்னு பார்த்தான், முடியலை. அப்புறம் வினிதாவை வளைச்சுப் போட்டு ஒரிஜினலையே தூக்கிட்டான். எப்படி?"

"பாதி சரி."

"எந்தப் பாதி?"

"டூப்ளிகேட் எலி."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. கிபாயத்துல்லாவுக்கு இது பிடிக்காத கட்டம். அவள் மனசுக்குள் கேஸ் முடிந்துவிடும். அவன் வாசலில் செருப்போடு நிற்பான்.

ஊரப்பாக்கத்தில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் மூன்றாவது மாடி. கதவை அரைக்கால் திறந்தவள் வினிதா. மெலிந்த பெண். தழும்புகள் இன்னும் கறுக்காமல் சிவந்திருந்தன. உள்ளேயிருந்து அவித்த முட்டை வாசனை.

"யாருங்க?"

"டாக்டர் ராஜகோபால் அனுப்பினாரு" என்றாள் ஜெரூஷா. "பயப்படாதம்மா. தாத்தாவை எடுத்துட்டுப் போக வரலை. பார்க்கத்தான் வந்தோம். நல்லபடியா ஆச்சா?"

வினிதாவின் முகம் போன போக்கைப் பார்த்துக் கிபாயத்துல்லா திகைத்தான். அவள் அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை. கதவை முழுதாகத் திறந்தாள்.

"காலையில ஆச்சு, மேடம்."

கட்டிலுக்குப் பக்கத்தில், துப்பட்டா போட்டு மூடிய கூண்டு. வினிதா துணியை ஓரமாக விலக்கினாள். கோபுரம் போன்ற அந்தப் பஞ்சுக் கூட்டுக்குள் கறுப்பு எலி ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் வயிற்றை ஒட்டி, ரோஜா நிறத்தில், கண் திறக்காத, சுண்டு விரல் நுனி அளவில் ஏழெட்டு உயிர்கள் நெளிந்துகொண்டிருந்தன.

கிபாயத்துல்லா குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்தான்.

"அக்கா... தாத்தா குட்டி போட்டிருக்காரு."

"ஆமா."

"மருந்து அவ்ளோ பவரா?"

வினிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அழுகையும் வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னது இதுதான். லீவு முடிந்து வந்த அன்று, தாத்தாவின் கூண்டில் ஓர் இளவட்டம் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. காதில் ஓட்டையைக் காணோம். கேட்டதற்கு, "மூடிக்கிச்சும்மா, அதிசயம்!" என்றார் சார். அறிக்கையே தயாராக இருந்தது. அதில் அவள் பெயரும் இருந்தது. அவள் எலியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தாத்தா ஆண். கையில் இருந்தது பெண். அதுவும் நிறை சூல்.

"அவர்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமே" என்றாள் ஜெரூஷா.

"மூணு தடவை அவர் ரூம் வாசல் வரைக்கும் போனேன் மேடம். என்னன்னு கேக்குறது? எங்கேயும் இடம் கிடைக்காம நின்னப்ப எனக்கு இடம் கொடுத்தவரு. குழு வந்து நிக்கிறப்ப தாத்தா எல்லாருக்கும் முன்னாடி குட்டி போட்டா, அந்த வீடியோ நாடு முழுக்கச் சுத்தும். அவரை மீம் போட்டே கொன்னுடுவாங்க. போடாம இருந்தா அதைவிட மோசம். முதியோர் இல்லத்துல அந்த மருந்துப் பொடியைக் கொடுத்துடுவாங்க. எலியே இல்லேன்னா எதுவும் நடக்காதுன்னு நினைச்சேன். பிரசவ நேரத்துல கூட்டைக் கலைச்சா தாய் பயந்து குட்டிகளைத் தின்னுடும். அதான் கூட்டோட எடுத்தேன்."

"இருங்க, இருங்க" என்றான் கிபாயத்துல்லா. "அப்ப ஒரிஜினல் தாத்தாவைத் தூக்கினு இதை வச்சது யாரு?"

அந்த நேரம் பார்த்து ஜெரூஷாவின் செல்போன் சிணுங்கியது. அவள் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள். ஆய்வகத்தின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து சாலமோனுக்கு அனுப்பியிருந்த படம் அது. கிளிப்பச்சை டீ ஷர்ட், மை போட்ட தலை. அதற்குக் கீழே சாலமோனின் பதில்: 'இவரேதான். எலி நல்லா இருக்கான்னு கேளுங்க.'

"நம்ம கிளையன்டா!"

"எலியைத் தொட மாட்டாரு. ஆணா பெண்ணான்னு புரட்டிப் பார்க்கிற பேச்சே இல்ல" என்றாள் ஜெரூஷா. "தன்னோட பொய்யை யாரோ திருடிட்டாங்கன்னு நம்மகிட்டயே போன் போட்டு அழுதிருக்காரு. அந்தக் கோபுரப் படத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது. இவ்வளவு மும்முரமாக் கூடு கட்டுறது பிள்ளைத்தாய்ச்சி வேலை. கிபாய், இத்தனை வருஷம் செத்துட்டாங்கன்னு சொன்னவங்களை உயிரோட பிடிச்சேன். உயிரோட இருக்காருன்னு சொன்னவர் செத்திருக்கிறதைப் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை."

போன் போட்டாள். "டாக்டர், தாத்தா கிடைச்சாச்சு. ஊரப்பாக்கம் வாங்க. நலமா இருக்காங்க."

அந்த 'இருக்காங்க'வில் இருந்த பன்மை அவர் காதில் ஏறவில்லை. வெயில் தாழ்வதற்குள் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்தார். வினிதாவைக் கண்டதும் நின்றார். கூண்டைக் கண்டதும் இன்னும் அதிகமாக நின்றார்.

"இது... இதெல்லாம் என்ன?"

"பேரப் பிள்ளைங்க சார்" என்றான் கிபாயத்துல்லா. "தாத்தாவுக்கு சுகப்பிரசவம். வாழ்த்துக்கள்."

யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. படித்த மனிதர். அந்தக் குட்டிகளைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கணக்கு முடிந்துவிட்டது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அறுபதும் ஒரேயடியாக அவர் முகத்தில் ஏறிக்கொண்டது.

"நீ ஊருக்குப் போன நாலாம் நாள் போயிட்டாரும்மா" என்றார் வினிதாவைப் பார்க்காமல். "காலையிலேருந்தே சக்கரத்தாண்ட போகலை. மூச்சு மட்டும் மெதுவா வந்தது, எண்ணிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். உனக்கு போன் பண்ணலாம்னா நீ காய்ச்சல்ல கிடக்கிற. அடுத்த நாள் சூர்யா வர்றாரு, தாத்தாவைப் பார்த்துட்டுத்தான் பணம்னு சொல்லியிருந்தாரு. ஒரு நாள் சமாளிச்சாப் போதும்னுதான் வாங்கினேன். அந்த மனுஷன் வந்தவன் கூண்டாண்ட குனிஞ்சு, 'காதுல ஓட்டை இருக்கும்னீங்களே'ன்னான். மூடிக்கிச்சுன்னு வாயில வந்துடுச்சு. அவன் கை தட்டினான். அதுக்கப்புறம் என்னால இறங்க முடியலை."

"நீங்களே நம்ப ஆரம்பிச்சுட்டீங்க போல" என்றாள் ஜெரூஷா.

"ஒரு வருஷமா நானும் அந்தப் பொடியைச் சாப்பிடுறேன்மா."

கிபாயத்துல்லா அவரை மேலும் கீழும் பார்த்தான். "முழங்கால் எப்படி சார்?"

"வலிக்குது."

வினிதா மெல்லக் கேட்டாள். "தாத்தா எங்க சார்? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"சேச்சே! ஃப்ரீஸர்ல, கடைசித் தட்டுல. என் கைக்குட்டையில சுத்தி வச்சிருக்கேன்."

கீழே ஒரு மின்சார ரயில் கடந்து போனது. கூண்டுக்குள் ஒரு குட்டி மெல்லக் கீச்சிட்டது.

"சார்" என்றாள் வினிதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. இப்போது அவள் குரல் மாணவியின் குரலாக இல்லை. "தாத்தா வயசுல சாதாரணத் தீனி சாப்பிட்ட எலி எல்லாம் எப்பவோ போயிடுச்சு. மருந்து சாப்பிட்டதெல்லாம் தாத்தாவோட போயிடுச்சா? இல்லையே. அந்த அடுக்குல இன்னும் அஞ்சாறு பேர் கிழவங்களா, அரைக்கண்ணோட, நொண்டிக்கிட்டு உயிரோட இருக்காங்க. நம்ம மருந்து யாரையும் பையனாக்கலை. ஆனா கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கு போல இருக்கு. இன்னும் நூறு எலியில பார்த்தாத்தான் தெரியும். அதைச் சொன்னாப் போதாதா?"

"அதைக் கேக்க எவன்மா ஹைதராபாத்துலேருந்து வருவான்?"

"கேட்டுப் பாருங்களேன்" என்றாள் ஜெரூஷா. "நம்பர் உங்ககிட்ட இருக்கு. நான் பேசினா அது துப்பு. நீங்க பேசினா அது உங்க ஆராய்ச்சி. ஆனா யாராவது ஒருத்தர் இன்னிக்கே பேசியாகணும் டாக்டர். அந்த இல்லத்துல இருக்கிறவங்களுக்குக் குட்டி போட்டுக் காட்டிக் கொடுக்கத் தெரியாது."

டாக்டர் செல்போனில் சாஜிதாவின் எண்ணைத் தேடி எடுத்தார். பிறகு அழைத்தார். ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். எலி செத்ததை, டப்பாவை, காதை, குட்டிகளை. ஒன்றையும் விடவில்லை. நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

மறுமுனையில் டாக்டர் சாஜிதா முதலில் கேட்டது ஒன்றுதான்.

"சூர்யாவுக்குச் சொல்லியாச்சா?" என்றது இறுக்கமான குரல்.

"அடுத்த போன் அவருக்குத்தான் மேடம். மருந்தை யாருக்கும் கொடுக்கக்கூடாதுன்னு எழுத்துலயும் கொடுத்துடுறேன்."

"இதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டிய இடம் நிறைய இருக்கு, ராஜகோபால். எலியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போன பொண்ணும்தான்." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்கா? அவகிட்ட போனைக் கொடுங்க."

வினிதா போனை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். டாக்டர் எழுந்து, வெளியே போய், மாடிப்படியில் உட்கார்ந்தார். ஜெரூஷா கண் காட்ட, கிபாயத்துல்லாவும் போனான். படி குறுகலாக இருந்தது. ஒண்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னைத் திட்டணும்னா திட்டுப்பா" என்றார் டாக்டர்.

"நான் எதுக்கு சார்? அதுக்குன்னு ஹைதராபாத்துல ஆள் கீது."

உள்ளேயிருந்து வினிதாவின் குரல் தெளிவாகக் கேட்டது. எடையைச் சொன்னாள், தீனியின் அளவைச் சொன்னாள், மீதியிருக்கும் கிழ எலிகள் ஒவ்வொன்றைப் பற்றியும் சொன்னாள். கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவள் பதில்கள் நீண்டுகொண்டே போயின. தெரியாததைத் தெரியாது என்றாள். மறுமுனை அம்மாள் தாத்தா செத்த நாளைப் பற்றி இரண்டாம் முறை கேட்டாள் போலிருக்கிறது. வினிதா சற்றே தயங்கினாள்.

"இல்ல மேடம், நான் கூட இல்ல. எனக்கு அம்மை. ஆனா தாத்தா தனியாப் போகலை. எங்க சார் காலையிலேருந்து பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு."

ராஜகோபால் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கிபாயத்துல்லா, அவர் சுவரில் சாய்ந்துகொள்ளட்டும் என்று ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தான்.